காப்பு அவிழும் நாள்: உத்திரமேரூர் வட்டாரமும் நோய்க்காலக் கட்டுப்பாடுகளும்

கொள்ளைநோய் ஊருக்குள் நுழையும்போது மக்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு எழுவதில்லை. நோய் தணிந்து வரும் காலத்தில், தளர்த்திய கட்டுப்பாட்டை மீண்டும் விதிக்கலாமா, விதித்தால் எதுவரை, அதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு உரியது என்ற கேள்விகளே ஒரு சமூகத்தைப் பிளக்கின்றன. தமிழ்நாடு 2021 ஆகஸ்ட் மாதத்தில் இக்கேள்விகளை நேருக்கு நேர் சந்தித்தது. அவ்வாண்டு மே 21ஆம் நாள் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. ஆகஸ்ட் தொடக்கத்தில் அந்த எண்ணிக்கை இரண்டாயிரத்தை ஒட்டி இறங்கியிருந்தது. அந்த நிலையில்தான், வழிபாட்டுத் தலங்கள் அனைத்தும் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள்களும் பொதுமக்களுக்கு அடைக்கப்படும் என்ற ஆணை வந்தது. அதையொட்டி எழுந்த விவாதத்தைக் காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டாரத்திலிருந்து நோக்கும்போது, இரண்டு ஆண்டுச் செய்தியாகத் தோன்றும் ஒன்று ஆயிரம் ஆண்டு வரலாற்றின் தொடர்ச்சியாக விரிகிறது.

உத்திரமேரூரின் பெயர் வரலாற்று நூல்களில் நிலைத்திருப்பதற்குக் காரணம் அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் ஆகும். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919ஆம் ஆண்டில், ஒன்றும் 14ஆம் ஆட்சியாண்டான 921இல் மற்றொன்றும் பொறிக்கப்பட்டன. ஊர்ச்சபைக்கு வாரியங்களை, அதாவது குறித்த பணிகளுக்கான குழுக்களை, எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதற்கான ‘வியவஸ்தை’ அவற்றில் உள்ளது. வியவஸ்தை என்பது சபை தனக்குத்தானே வகுத்துக்கொண்ட விதி. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்ற ஒரு பிரிவு. தகுதியுடையோரின் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன; இதுவே குடவோலை முறை. ஒன்றும் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க, அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்று, கூடியிருந்தோர் கேட்க உரக்கப் படித்தான். விரல் இடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காகக் கையை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதுவரை விதித்த சபை அது.

இந்தக் கல்வெட்டுகளில் நோய்க்காலக் கட்டுப்பாடு பற்றி எதுவும் இல்லை. அச்சபையை இன்றைய மக்களாட்சியின் முன்மாதிரியாக அப்படியே எடுத்துக்கொள்வதும் பொருந்தாது. கால் வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரையிலான வயது, வேதக்கல்வி ஆகிய தகுதிகள் உடைய பிராமண ஆண்களுக்கே அதில் இடம் இருந்தது. உழுதவர்களும் பெண்களும் அதற்கு வெளியே நின்றார்கள். ஆயினும் அதிகாரம் எவ்வாறு வரம்பு கட்டப்பட வேண்டும் என்பது குறித்து மூன்று செய்திகளை அக்கல்வெட்டுகள் சொல்கின்றன. வாரியத்தின் பணிக்காலம் 360 நாள் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் தேர்வுபெற முடியாது. 919இல் வகுத்த விதியில் குறை கண்டபோது இரண்டே ஆண்டுகளில் அதே சபை மறுபடி கூடி அதைத் திருத்தியது. முடியும் நாள், கணக்கு, மறுபரிசீலனை என்ற இம்மூன்றும் இல்லாத கட்டுப்பாடு எவ்வளவு நல்ல நோக்கத்துடன் வந்தாலும் மக்களின் நம்பிக்கையை இழக்கும் என்பதற்குப் பிற்கால வரலாறு சான்றாக நிற்கிறது.

நோயைப் பொறுத்தவரை, உத்திரமேரூர் அடங்கிய தொண்டைமண்டலத்தின் கிராமங்கள் சட்டங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே தமக்கெனக் கட்டுப்பாடுகளை வைத்திருந்தன. ஒரு வீட்டில் அம்மை வார்த்துவிட்டால் வாசலில் வேப்பிலை செருகப்பட்டது; அந்த இலைக்கொத்தே அயலார் உள்ளே வரக் கூடாது என்பதற்கான அறிவிப்பு ஆயிற்று. அவ்வீட்டில் தாளிப்பு இல்லை. அவ்வீட்டார் சாவுக்கும் கல்யாணத்துக்கும் போவதில்லை. நோயாளி இருக்கும் அறைக்குள் ஒருவரோ இருவரோ மட்டுமே சென்று வந்தார்கள். முத்துகள் வாடி உதிரத் தொடங்கியதும், ‘அம்மை இறங்கிவிட்டது’ என்று பெரியவர்கள் சொன்ன பிறகு, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் சடங்கு நடந்தது. வேப்பிலையும் மஞ்சளும் இட்ட தண்ணீரை வெயிலில் வைத்துச் சூடேற்றி ஒற்றைப்படை நாளில் முதல் தண்ணீர் ஊற்றுவார்கள். ஒரு நாள் விட்டு இரண்டாம் தண்ணீர். பிறகு மூன்றாம் தண்ணீர். அதன் பிறகே வாசல் வேப்பிலை அகற்றப்பட்டது. நோய் குறைந்துவிட்டது என்று தெரிந்த உடனேயே கட்டு முழுவதும் நீங்கிவிடவில்லை. படிப்படியாக, எல்லோரும் அறிந்த மூன்று அடையாளங்களோடு நீங்கியது என்பதே இவ்வழக்கத்தின் நுட்பம்.

ஊர் முழுமைக்கும் இதையொத்த ஏற்பாடாக இருந்தது காப்புக் கட்டுதல். அம்மன் திருவிழாவின் தொடக்கத்தில் பூசாரியின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டப்பட்டால், அது அவிழும்வரை ஊரார் வெளியூரில் இராத் தங்குவதில்லை என்ற வழக்கம் தமிழகத்தின் பல கிராமங்களில் இன்றும் உண்டு. காப்புக் கட்டும் நாளிலேயே அவிழ்க்கும் நாளும் ஊருக்குத் தெரிந்திருந்ததால், கட்டுப்பாட்டின் நீளம் குறித்து யாருக்கும் ஐயம் எழவில்லை. இவ்வழக்கங்கள் பெரியம்மையை ஒழிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதைச் செய்தது தடுப்பூசி. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை 1975இல் பதிவாயிற்று. உலகம் அந்நோயிலிருந்து விடுபட்டது என்று 1980இல் அறிவிக்கப்பட்டது. நோயைக் குணப்படுத்தும் அறிவு அச்சடங்குகளில் குறைவாக இருந்திருக்கலாம். கட்டுப்பாட்டை எப்போது, எவ்வாறு முடிப்பது என்ற அறிவு அவற்றில் நிறைவாகவே இருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டுப்பாடு ஊரின் கையிலிருந்து அரசின் கைக்குச் சென்றது. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியதை அடுத்து, 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. சில பிரிவுகளே கொண்ட அச்சிறு சட்டம், தேவை என்று அரசு கருதும் எந்த நடவடிக்கையையும் எடுக்க வழி செய்தது. அச்சட்டத்தின் பெயரால் புணே நகரில் வீடு புகுந்து நடத்தப்பட்ட சோதனைகள் மக்களைக் கொதிப்படையச் செய்தன. பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூனில் சுடப்பட்டார். சென்னை மாகாணம் வேறு வழியை மேற்கொண்டது. நோய்கண்ட பகுதிகளிலிருந்து வரும் பயணிகளுக்கு ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்னும் சீட்டு கொடுக்கப்பட்டது. அதைப் பெற்றவர் தாம் சேரும் ஊரில் பத்து நாள் அதிகாரியின் கண்காணிப்புக்கு உட்பட வேண்டும். பயணத்தை அடியோடு நிறுத்தாமல் பயணியைப் பின்தொடரும் இம்முறையை 2020இன் இ-பாஸ் முறைக்கு முன்னோடி எனலாம். ஒரு மாவட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல இணையம் வழியாகப் பெற வேண்டியிருந்த அனுமதிச் சீட்டே இ-பாஸ் ஆகும். பிளேக் காலத்தில் மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங்கின் பெயரைத் தாங்கிய கிண்டி கிங் நிறுவன வளாகத்திலேயே 2020இல் கொரோனா சிறப்பு மருத்துவமனை திறக்கப்பட்டது.

காலரா வேறொரு சிக்கலை முன்வைத்தது. கோயில் திருவிழாக்களுக்குக் கூடும் மக்கள் வழியாகவே அது ஊர்விட்டு ஊர் சென்றது என்பதால், திருவிழாக் கூட்டம் என்பது சுகாதாரத் துறையின் நிலையான கவலை ஆயிற்று. இந்தியாவில் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தொகுக்கப்பட்ட முன்னோடிச் சட்டமான 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி அத்தியாயம் ஒதுக்கியது. காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு அந்த அத்தியாயம் ஏட்டளவில் நின்றுவிடும் ஒன்று அன்று: இங்கே பூக்காரர், தேங்காய் விற்பவர், பட்டு நெய்பவர், கோயில் வாசலில் விளக்கு விற்கும் மூதாட்டி என எண்ணற்றோரின் பிழைப்பு கோயில் கூட்டத்தை நம்பியிருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் நடந்த அத்திவரதர் வைபவத்துக்கு நாடெங்கிலுமிருந்து மக்கள் திரண்டு வந்த மாவட்டம், எட்டு மாதங்களுக்குள் வெறிச்சோடியது.

தமிழ்நாட்டின் முதல் கொரோனா தொற்று 2020 மார்ச் 7ஆம் நாள், ஓமனிலிருந்து காஞ்சிபுரம் திரும்பிய ஒருவரிடம் உறுதியானது. மார்ச் 22 அன்று மத்திய அரசு முடக்கம் தேவை என்று பட்டியலிட்ட மாவட்டங்களில் சென்னை, ஈரோட்டுடன் காஞ்சிபுரமும் இருந்தது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. ஊர் அடங்குதல் என்ற பழைய தொடர் முன்பு கலவரக் காலத்துக்கே உரியதாக இருந்தது. இப்போது அது அன்றாடச் சொல்லாகி, அதிலிருந்து ‘தளர்வு’, ‘தளர்வுகளற்ற முழு ஊரடங்கு’ என்ற சொற்களும் கிளைத்தன. தளர்வு என்ற சொல்லைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். கட்டுப்பாட்டை இயல்பு நிலையாகவும் மக்களின் வழக்கமான வாழ்க்கையை அரசு அளிக்கும் சலுகையாகவும் அது காட்டுகிறது. சொல் இப்படித் திரும்பிய பிறகு, நோய் குறைந்த காலத்தில் கட்டுப்பாடு ஏன் வேண்டும் என்று அரசு விளக்க வேண்டிய கடமை மங்கி, ஏன் வேண்டாம் என்று மக்கள் விளக்க வேண்டிய நிலை உருவாயிற்று.

2021 ஜூன் மாதத்தில் மாவட்டங்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டன. தொற்று அதிகமாக இருந்த 11 மாவட்டங்கள் முதல் வகையிலும், 23 மாவட்டங்கள் இரண்டாம் வகையிலும், சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் ஆகிய நான்கும் கூடுதல் தளர்வு பெற்ற மூன்றாம் வகையிலும் வைக்கப்பட்டன. ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைவிக்கும் உத்திரமேரூர் வட்டத்துக் கிராமங்கள் சென்னையின் அடர்ந்த தெருக்களோடு ஒரே கணக்கில் சேர்ந்தன. இம்முறை அது அவர்களுக்குச் சாதகமாக அமைந்து, ஜூன் 28 முதல் கோயில்கள் திறக்கப்பட்டன. ஜூலை 5 முதல் மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி வந்தது. கட்டுப்பாட்டை அளக்கும் அலகு மாவட்டமா, வட்டமா, ஊரா என்ற வினா அப்போது பெரிதாக எழுப்பப்படவில்லை. கட்டுப்பாடு திரும்பி வந்தபோதுதான் அதன் கூர்மை உணரப்பட்டது.

ஜூலை இறுதியில் அன்றாடத் தொற்று சில நாள்கள் தொடர்ந்து சற்று ஏறியது. அண்டையிலுள்ள கேரளத்தில் அது இருபதாயிரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் அலை குறித்த அச்சம் எங்கும் நிலவிய அச்சூழலில், ஆடிக் கிருத்திகை, ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை ஆகிய நாள்களில் பல மாவட்டங்களில் கோயில்கள் அடைக்கப்பட்டன. அடுத்து வார இறுதி மூன்று நாள்களுக்கான தடை மாநிலம் முழுவதற்கும் வந்தது. தொண்டைமண்டலத்தில் ஆடி என்பது அம்மனுக்குக் கேழ்வரகுக் கூழ் வார்க்கும் மாதம். ஆடி வெள்ளி அம்மனுக்கும் புரட்டாசிச் சனி பெருமாளுக்கும் உரியவை. நோயிலிருந்து ஊரைக் காக்கும்படி அம்மனை வேண்டிக்கொள்ளும் அதே வெள்ளிக்கிழமையில், நோயின் பெயராலேயே அவள் கோயில் நடை சாத்தப்பட்டதை ஏற்பது கிராமத்துப் பெண்களுக்கு எளிதாக இருந்திருக்க முடியாது.

இருதரப்பு வாதங்களிலும் வலு இருந்தது. கட்டுப்பாட்டை ஆதரித்தவர்கள், எண்ணிக்கை குறைந்ததே கட்டுப்பாட்டால்தான் என்றும், மக்கள்தொகையில் பெரும்பகுதி அப்போது இரண்டு தவணைத் தடுப்பூசி பெறவில்லை என்றும், மே மாதத்தில் ஆக்சிஜன் படுக்கைக்காக மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற காட்சியை மூன்று மாதத்துக்குள் மறந்துவிடக் கூடாது என்றும் வாதிட்டார்கள். எதிர்த்தவர்கள் கேட்டது அளவுகோலின் சீர்மையை. ஆகஸ்ட் 23 முதல் திரையரங்குகள் பாதி இருக்கைகளுடன் எல்லா நாள்களிலும் இயங்கலாம். மதுக்கடைகள் ஜூன் மாதமே திறந்துவிட்டன. அவ்வாறிருக்க, திறந்த பிராகாரம் உடைய கோயில் மட்டும் வார இறுதியில் ஏன் அடைபட வேண்டும் என்ற கேள்விக்கு மக்கள் ஏற்கும் விடை கிடைக்கவில்லை. பாரதிய ஜனதா கட்சி அக்டோபர் 7 அன்று கோயில்கள் முன்பு போராட்டம் நடத்தியது. அரசியல் கலந்த போராட்டம் என்பதால் அதன் பின்னிருந்த கேள்வி பொய்யாகிவிடாது.

அவ்வாண்டு அக்டோபர் 9ஆம் நாள் இக்கேள்வியை மிகத் தெளிவாகக் காட்டியது. அது புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாள் கோயில்கள் பக்தர்களுக்கு அடைபட்டிருந்தன. அதே நாளில், காஞ்சிபுரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தலின் இரண்டாம் கட்ட வாக்குப்பதிவு நடந்தது. முதல் கட்டம் அக்டோபர் 6 அன்று முடிந்திருந்தது. வாக்குச்சாவடியில் வரிசையில் நிற்கலாம், பெருமாள் சன்னதியில் நிற்கக் கூடாது என்ற நிலை ஐந்து நாளில் முடிவுக்கு வந்தது: அக்டோபர் 14 அன்று, விஜயதசமிக்கு முந்தைய நாள், கோயில்கள் வாரம் முழுவதும் திறந்திருக்கலாம் என்ற ஆணை வெளியானது.

ஆனால் அந்தத் தேர்தலைப் பற்றி இன்னும் முக்கியமான ஒரு செய்தி உண்டு. உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்த பிறகு, மற்ற மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. எல்லை மாற்றத்துக்கு உள்ளான காஞ்சிபுரம் போன்றவற்றுக்கு அப்போது நடக்கவில்லை. ஆகவே, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் குடவோலையில் வாரியம் தேர்ந்தெடுத்த ஊரைச் சுற்றியுள்ள ஊராட்சிகள், கொள்ளைநோயின் இரண்டு பேரலைகளையும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் தனி அலுவலர்களின் கீழ் கடந்தன. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமே ஊரடங்கு ஆணைகளின் அடிப்படை. அச்சட்டம் மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரைத் தலைவராகவும், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதியை இணைத்தலைவராகவும் வைக்கிறது. மாவட்ட ஊராட்சித் தலைவர் என்ற ஒருவரே காஞ்சிபுரத்தில் அப்போது இல்லை. 2020 அக்டோபர் 2 அன்று தமிழ்நாடெங்கும் கூட வேண்டிய கிராம சபைகள், அதாவது வாக்காளர் அனைவரும் நேரில் பேசும் உரிமை பெற்ற கூட்டங்கள், தொற்றைக் காரணம் காட்டிக் கடைசி நேரத்தில் ரத்து செய்யப்பட்டன. அதற்கு ஒரு மாதம் முன்பே இ-பாஸ் நீக்கப்பட்டுப் பேருந்துகள் ஓடத் தொடங்கியிருந்தன. அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று, புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைவுகூர்ந்து பேசினார். கல்லில் எழுதிய சபை தில்லியில் போற்றப்பட்ட அந்த நாளில், கல்வெட்டின் ஊரைச் சூழ்ந்த கிராமங்களுக்குத் தங்களுடைய சபை இல்லை.

பிற நாடுகளும் இதே சோதனையைச் சந்தித்தன. 1918 இன்புளுவென்சாவின்போது சான் பிரான்சிஸ்கோ நகரம் நவம்பர் 21 அன்று முகக்கவச விதியை நீக்கியது. நோய் திரும்பியதும் 1919 ஜனவரி 17 அன்று அதை மீண்டும் விதித்தது. முதல் முறை பணிந்த மக்களில் ஒரு பகுதியினர் இரண்டாம் முறை ‘முகக்கவச எதிர்ப்புச் சங்கம்’ அமைத்து எதிர்த்தார்கள். பிப்ரவரி 1 அன்று விதி விலக்கப்பட்டது. முதல் கட்டுப்பாட்டை அச்சம் தாங்கி நிற்கிறது. இரண்டாவதைத் தாங்க நம்பிக்கை ஒன்றே உண்டு. தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில், அன்றாடத் தொற்று மிகக் குறைந்திருந்தபோது, சென்னை ஐஐடியில் பரவல் கண்டு முகக்கவசம் அணியாதோருக்கு 500 ரூபாய் அபராதம் மறுபடி வந்ததும், கிராமங்களில் அது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றதும் இதையே உறுதி செய்கின்றன.

பள்ளிகளின் கதை இந்த விவாதத்தின் மிகக் கனமான பக்கம். ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2020 மார்ச்சில் மூடப்பட்டு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன; 2022 ஜனவரியில் ஒமைக்ரான் அலையில் மீண்டும் மூடப்பட்டுப் பிப்ரவரி 1 அன்று திறந்தன. வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் வேலைக்குப் போகும் தந்தையின் பையில், என்ற நிலையிலிருந்த கிராமத்துப் பிள்ளைக்கு இணையவழி வகுப்பு என்பது பெயரளவிலான ஒன்றே. 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம், தன்னார்வலர்களைக் கொண்டு மாலை நேரத்தில் கற்பித்து அந்த இழப்பை ஈடுகட்ட முயன்றது. இழப்பு உண்மை என்பதை அரசே ஒப்புக்கொண்டதன் அடையாளமும் அது.

உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் வழங்கிய தீர்ப்பு இவ்விவாதத்துக்கு ஓர் அளவுகோலைத் தந்தது. தமிழ்நாடும் ஒரு தரப்பாக இருந்த அவ்வழக்கில், தொற்று குறைவாக இருக்கும் வரை, தடுப்பூசி போடாதவர்கள்மீது பொது இடங்களில் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளை மறுபரிசீலனை செய்யுமாறு நீதிமன்றம் கூறியது. கட்டுப்பாடு நோயின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். மூன்று தண்ணீர் ஊற்றி வேப்பிலையை எடுத்த மூதாட்டிகள் அறிந்திருந்ததும் இந்த அளவே.

நோய் தணியும் வேளையில் கட்டுப்பாட்டை மீண்டும் விதிப்பது எப்போதுமே தவறு என்று வரலாறு சொல்லவில்லை. சில நேரங்களில் அது உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் அது எந்த எண்ணிக்கையில் தொடங்கும், எந்த எண்ணிக்கையில் முடியும் என்பது தொடங்கும் நாளிலேயே அறிவிக்கப்பட வேண்டும். கோயிலுக்கும் திரையரங்குக்கும் பள்ளிக்கும் ஒரே தராசு வேண்டும். அதை ஊரார் கேள்வி கேட்கும் மன்றம் திறந்திருக்க வேண்டும். அடுத்த கொள்ளைநோய் வரும் நாளில் எதை மூடினாலும் கிராம சபையை மூடக் கூடாது: திறந்த வெளியில், ஏரிக்கரை மரத்தடியில், இடைவெளி விட்டு அமர்ந்தேனும் அது கூட வேண்டும். காப்புக் கட்டும் கையை ஊர் அறிந்திருக்க வேண்டும். அவிழ்க்கும் நாளையும் ஊரே அறிந்திருக்க வேண்டும்.